எல்லாக் கதவும் இந்திராணி வீட்டுக்குள்

தொட்டிப்பாளையத்தில் கதவுகள் இடம் மாறியதை முதலில் கண்டவர் பஞ்சாயத்துப் பள்ளித் தலைமையாசிரியர். கார்த்திகை மாதத்து விடிகாலையில், பால் பாக்கெட் வாங்கக் கையில் துணிப்பையோடு தன் வீட்டுத் தலைவாசல் கதவைத் திறந்தவர், தெருவில் வைக்க வேண்டிய காலை இந்திராணி வீட்டுக் கூடத்தில் வைத்தார். மரப்பீரோவுக்கும் சாமி படத்துக்கும் நடுவே இருந்த வெறும் சுவரிலிருந்து அவர் இறங்கி வந்தபோது, இந்திராணி தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முந்தின நாள்தான் அவர் அவளிடம், "நான் அந்தக் கண்றாவியெல்லாம் பாக்கறதே இல்லம்மா, நீ மனசுல வெச்சுக்காத" என்று சொல்லியிருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கூடத்தைக் கடந்து, அவள் வீட்டு வாசல் வழியாகத் தண்ணீர்த்தொட்டித் தெருவில் இறங்கி, பால் வாங்கப் போனார்.

அவருக்குப் பின்னால் வணிகர் சங்கத் தலைவர் குழந்தைவேல் வந்தார், அவருக்குப் பின்னால் அவர் மனைவி வந்தார், களத்தில் ஜவ்வரிசி உலர்த்திவந்த பெண்கள் வந்தார்கள், கோவில் பூசாரி வந்தார், காவல் குடியிருப்பிலிருந்து இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார், பல் விளக்கும் பிரஷ் வாயில் இருக்க இரண்டு மூன்று பேர் வந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் ஊரில் பாதி அந்தக் கூடத்தைக் கடந்து போயிருந்தது.

எதனால் இப்படி என்று ஊரில் யாரும் மெனக்கெட்டு ஆராயவில்லை. எதனால் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஊருக்குக் கிழக்கே இருந்த சேகோ ஆலை, குச்சிக்கிழங்கை அரைத்து ஜவ்வரிசியாக்கி, கழிவுத் தண்ணீரை ஓடையில் விட்டது. ஓடைத் தண்ணீர் மண்ணுக்குள் ஊறிப் பள்ளிக்கூடத்து ஆழ்குழாயில் இறங்கியது. அந்தத் தண்ணீரில் வெந்த சத்துணவுச் சோறு புளித்த வாடை அடித்தது, பிள்ளைகளின் கைகால்களில் கொப்புளம் கிளம்பியது. சத்துணவு அமைப்பாளரான இந்திராணி தலைமையாசிரியரிடம் சொல்லிப் பார்த்தாள், ஊராட்சித் தலைவரிடம் சொல்லிப் பார்த்தாள், பிறகு யாரிடமும் சொல்லாமல் மேலிடத்துக்குப் புகார் அனுப்பினாள். புகார் கொடுப்பவர் பெயர் வெளியே வராது என்று படிவத்தில் போட்டிருந்தது. அதிகாரிகள் வந்தார்கள், தண்ணீரைச் சீசாவில் பிடித்துக்கொண்டு போனார்கள், ஆலைக்குச் சீல் வைத்தார்கள். களத்துப் பெண்களும் கிழங்கு லாரிக்காரர்களும் பாய்லர் ஆட்களும் வீட்டில் உட்கார்ந்தார்கள். பாய்லர் ஆட்களில் ஒருவர் இந்திராணியின் கணவர் அர்த்தநாரி.

வெளியே வராது என்ற பெயர் வெளியே வந்தது. எந்த அலுவலகத்து மேஜையிலிருந்து வந்தது என்பது தெரியவில்லை, வந்து சேர்ந்த இடம் தெரிந்தது. பிளக்ஸ் கடை மாதேஸ்வரன் நடத்திய 'தொட்டிப்பாளையம் குரல்' என்ற இணையப் பக்கத்தில், ஊர் வாயில் மண்ணைப் போட்டவள் இவள்தான் என்ற தலைப்போடு, இந்திராணியின் பெயர், புருஷன் பெயர், கதவு எண், போன் எண், வேலைக்குப் போகும் நேரம் எல்லாம் இருந்தன. கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கும் ஒரே மகள் கீர்த்திகாவின் விடுதிப் பெயரும், அவள் எந்த பஸ்ஸில் ஊருக்கு வருவாள் என்பதும் இருந்தன. கூடவே கீர்த்திகாவின் படம் ஒன்று, பட்டுப்பாவாடையும் தலை நிறையப் பூவுமாக. அந்தப் படத்துக்கு மாதேஸ்வரன் எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. சில வருஷங்களுக்கு முன் அவளுடைய மஞ்சள் நீராட்டு விழாவுக்கு, பஸ் நிலையத்தில் இருபதடிக்குப் பிளக்ஸ் வைக்கச் சொல்லி இந்திராணியே கொண்டுபோய்க் கொடுத்த படம் அது. கடைக் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது.

பக்கத்தின் அடியில் ஊர் எழுதியிருந்தது. ஒவ்வொருவரும் எழுதியதை ஒவ்வொருவரின் குரலிலேயே இந்திராணியால் கேட்க முடிந்தது. எல்லாவற்றையும் அவள் படித்தாள், படித்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். ஒரே ஒரு வரியை மட்டும் அவளால் தாண்ட முடியவில்லை. அதை எழுதியது அவள் தம்பி மாரப்பன்.

அந்தப் பிளக்ஸில் கீர்த்திகாவுக்குப் பக்கத்தில், மீசையை முறுக்கிக்கொண்டு, தாய்மாமன் அழைக்கிறார் என்று நின்றவன் மாரப்பன்தான். ஆலையில் கடன் சொல்லி முன்பணம் எடுத்து, பேண்டு வாத்தியத்தோடு சீர்த்தட்டுகளை ஊர்வலமாகக் கொண்டுவந்து, மருமகள் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டு, யாரும் பார்க்காதபோது வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டவன். கீர்த்திகாவுக்கு அப்பா என்றால் அரிசி, மாமா என்றால் பண்டிகை. அவன் எழுதியிருந்தான்: "எனக்கு அக்காவும் இல்ல, அக்கா மவளும் இல்ல. இவளுக்குச் சீர் தூக்கின கையை நானே வெட்டிக்கணும்."

அன்று முதல் இந்திராணிக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். அந்த வரி கீர்த்திகா கண்ணில் படாமல் அழிய வேண்டும்.

நல்லவேளையாக மகளின் போன் ஐப்பசியிலேயே தண்ணீரில் விழுந்து கெட்டிருந்தது. "பரீட்சை முடியட்டும், அப்புறம் புதுசு வாங்கலாம்" என்று சொல்லி, பட்டன் வைத்த பழைய போன் ஒன்றை இந்திராணி பார்சலில் அனுப்பியிருந்தாள். பரீட்சை பொங்கலுக்குப் பிறகுதான் முடியும்.

கதவு திறந்த காரணம் ஊருக்குப் பிடிபட்டதும், அதன் விதிகளும் பிடிபட்டன. அந்தப் பக்கத்தைப் படித்தவர்களின் கதவுதான் அப்படித் திறந்தது. படிக்கத் தெரியாமல் பக்கத்திலிருந்து கேட்டவர்களுக்கும் திறந்தது. தலைவாசல் மட்டும்தான், கொல்லைக் கதவு பழையபடிதான். வெளியே போவது மட்டும்தான், வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழைவதில் ஒரு மாற்றமும் இல்லை. தூரம் ஒரு பொருட்டில்லை. மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்த சின்ராசு, தான் தங்கியிருந்த முகாம் அறையின் கதவைத் திறந்து, நீலச் சீருடையோடும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையோடும் இந்திராணி கூடத்தில் வந்து நின்றான். டிக்கெட் செலவில்லாமல் வந்துவிட்டான் என்று அவன் அம்மா முதல் நாள் கோழி அடித்தாள். மறுநாள்தான், திரும்பிப் போகப் பாஸ்போர்ட் அங்கே கம்பெனிக்காரன் பெட்டியில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் உறைத்தது.

சின்ராசுவைப் பார்த்த அன்று இந்திராணிக்கு வேறொரு கணக்குப் புரிந்தது. மஸ்கட்டிலிருந்து ஒருவன் வர முடிந்தால் கோயம்புத்தூரிலிருந்து வர என்ன தடை? கீர்த்திகா வரவில்லை. வரவில்லை என்றால் படிக்கவில்லை. அன்று முதல், சுவரிலிருந்து ஒவ்வொரு முகம் வரும்போதும், அது தன் மகளின் முகமாக இல்லை என்று பார்த்து அவள் மூச்சு விட்டாள். பெற்றவள் எவளும் செய்யாத பிரார்த்தனை அது. மகள் வீட்டுக்குள் வந்துவிடக் கூடாது.

அந்தச் சுவர் வழியாக வராத இன்னொருவன் மாரப்பன். அவன் படித்தது மட்டுமில்லை, எழுதியும் இருந்தான். ஆனால் அவன் கொல்லைச் சுவரில் ஏறிக் குதித்து, சாக்கடை ஓரமாக நடந்து போவதாகச் சொன்னார்கள். அர்த்தநாரி படித்தாரா என்பது மட்டும் யாருக்கும் தெரிய வழியில்லை. அவருடைய கதவும் அதே கதவுதான். இந்திராணி கேட்கவில்லை.

முதலில் எல்லோருக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போனார்கள். கொல்லைக் கதவு உள்ளவர்கள் சில நாள் கொல்லை வழியாகச் சுற்றினார்கள். பிறகு ஒருவர் கண்டுபிடித்தார், இந்திராணி வீட்டிலிருந்து பஸ் நிலையம் கூப்பிடு தூரம், ரேஷன் கடை அதைவிடக் கிட்டே. ஊரின் மேற்குக் கோடியிலிருந்து கால் மணி நேரம் நடக்க வேண்டியவர்கள், சட்டைப் பித்தானைப் போட்டு முடிப்பதற்குள் பஸ்ஸில் ஏறினார்கள். மூட்டு வலிக்காரர்கள் புண்ணியம் என்றார்கள். தண்ணீர்த்தொட்டித் தெருவில் ஒரு டீக்கடை முளைத்தது, அதன் எதிரில் ஒரு வடைக்கடை முளைத்தது. செருப்பைக் கழற்றுகிற வழக்கம் மெல்ல நின்றது. தாலி கட்டிக்கொள்ள மண்டபத்துக்குப் புறப்பட்ட ஒரு பெண், வலது காலை எடுத்து வைத்து இந்திராணி கூடத்தில் இறங்கினாள். மேலத்தெருவில் ஒரு பெரியவர் செத்தபோது, பிணத்தைக் கொல்லை வழியாக எடுக்கும் வழக்கமில்லை என்று பங்காளிகள் பிடிவாதம் பிடித்ததால், பாடையும் அந்தக் கூடத்தின் வழியாகத்தான் போனது. பீரோ முனையில் பாடை இடித்துவிட்டது என்று தூக்கியவர்களில் ஒருவர் கோபித்துக்கொண்டார். இந்திராணி கூடத்தைக் கழுவிவிட்டு வேலைக்குப் போனாள்.

வாசலை உள்பக்கம் பூட்டியும் பார்த்தாள். சுவரிலிருந்து வந்தவர்கள் வெளியேற வழியில்லாமல் கூடத்தில் சேர்ந்துகொண்டே போனார்கள், குழந்தை அழுதது, யாரோ மயங்கி விழுந்தார், கடைசியில் அர்த்தநாரிதான் பூட்டைத் திறந்துவிட்டார். அவர் இயல்பிலேயே சாதுவான மனிதர். வேலையும் இல்லை. வருகிற வயசாளிகள் நிற்கக் கூடாதே என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட ஆரம்பித்து, நாளாக ஆக அதையே வேலையாகச் செய்தார். சுவரிலிருந்து ஆள் வரும் சத்தம் கேட்டாலே அவர் கை நாற்காலியைத் தேடியது.

களத்தில் வேலை செய்த பாவாயி தினமும் தவறாமல் நின்று திட்டிவிட்டுப் போவாள்.

"ஏங்கண்ணு, இன்னிக்கு என்ன குழம்பு? உனக்கென்ன, சர்க்காரு சம்பளம் வருது. எங்களுக்குத்தான் களமும் போச்சு, வாசலும் போச்சு."

"உக்காருங்க அக்கா."

"உக்கார வரல, உன்னத் திட்டத்தான் வந்தேன். தண்ணி இருந்தாக் குடு."

தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பைக் கவிழ்த்து வைப்பாள். பேரன் காலில் இருந்த கொப்புளம் ஆறிவிட்டதா என்று இந்திராணி கேட்டால் மட்டும் விறுவிறுவென்று தெருவில் இறங்கிவிடுவாள்.

அவ்வப்போது கீர்த்திகா போனில் கூப்பிட்டாள். "ஏம்மா, வீட்ல என்ன இத்தனை சத்தம்? யாராச்சும் வந்திருக்காங்களா?"

"டிவிதான், சாமி."

"மாமா போனே எடுக்க மாட்டேங்குறாரு. ரெண்டு வாரமாக் கூப்பிடறேன்."

"ஆலை மூடிக் கிடக்குதில்ல, வெளியூரு வேலைக்குப் போறான். நீ படி."

இந்திராணி காவல் நிலையத்துக்கும் போனாள். தன் கூடத்தைத் தினமும் கடந்து போகும் அதே இன்ஸ்பெக்டர், எழுந்து நின்று மரியாதையாக உட்காரச் சொன்னார். "எதுலம்மா எழுதறது? அவங்கவங்க வீட்டுக் கதவை அவங்கவங்க திறக்கறாங்க. அதுக்குச் சட்டமே இல்லியே."

சட்டம் மார்கழியில் வந்தது. ஒருவரின் அனுமதியில்லாமல் அவருடைய விலாசத்தையும் படத்தையும் குடும்ப விவரத்தையும் இணையத்தில் போடுவது குற்றம், போட்டவருக்கு மட்டுமல்ல, பரப்பியவருக்கும் சிறை, தை முதல் தேதிக்குள் பழையதையெல்லாம் அழித்துவிட வேண்டும் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். அதற்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. தொட்டிப்பாளையம் அதை விலாசச் சட்டம் என்று சுருக்கிக்கொண்டது. இந்திராணி அந்தச் செய்தியைச் சமையல் அறையில், சேலை கட்டித் தொங்கவிட்ட மறைப்புக்குப் பின்னால் நின்று கேட்டாள். தை முதல் தேதி. பரீட்சை முடிவதற்கு முன். அன்று அவள் வெகு நாளைக்குப் பிறகு உப்புப் பார்த்துச் சாப்பிட்டாள்.

ஊர் அந்தச் செய்தியைத் தண்ணீர்த்தொட்டித் தெரு டீக்கடையில் வைத்து ஆராய்ந்தது.

"நான் போடல, படிக்கத்தான் செஞ்சேன். படிச்சவனையும் புடிப்பாங்களா?"

"எவனுக்காச்சும் அனுப்புனியா?"

"எங்க ஊட்டு அம்மணிக்கு மட்டும்."

"அப்ப உள்ளதான். அம்மணிக்கும் சேத்து ரெண்டு தட்டு."

"இதென்ன அநியாயமா இருக்குது. கல்யாணப் பத்திரிகையில விலாசம் போடறமே, அதுக்கும் புடிப்பாங்களா? செத்தவனுக்குப் போஸ்டர் ஒட்டறமே?"

"செத்தவன் அனுமதி குடுக்கோணும்."

சிரித்தார்கள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒருவன் இது பேச்சுரிமையை நெரிக்கும் சட்டம் என்றான், அதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பெரிய மனுஷன் ஊழலை எழுதினால் இதே சட்டத்தைக் காட்டி உள்ளே போடுவான் என்று ஒருவர் சொன்னார், அதில் நியாயமும் இருந்தது. பொண்ணு படத்தை இருபதடிக்குப் பஸ் நிலையத்தில் மாட்டியவளுக்கு இப்போது என்ன வெட்கம் என்று மாதேஸ்வரன் கேட்டான். அந்தப் பிளக்ஸுக்குக் கூலி வாங்கியவன் அவன்தான் என்பதை யாரும் நினைவுபடுத்தவில்லை. ஓரமாக உட்கார்ந்திருந்த தலைமையாசிரியர் மட்டும், "ஏங்க, நாளைக்கு எவனாச்சும் என் விலாசத்தைப் போட்டான்னா?" என்று கேட்டார்.

குழந்தைவேல் டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார். "அதுக்குத்தானுங்க ஒரு ஊடு இருக்குது. கதவெல்லாம் அங்க திறக்கற வரைக்கும் நம்ம ஊட்டுல திறக்காது."

அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஆத்தூரிலிருந்து வக்கீல் திருஞானத்தைக் கூட்டிவந்தார்கள், கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். வக்கீல் சட்டத்தை முழுக்கப் படித்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார். சம்பந்தப்பட்டவர் மனமுவந்து சம்மதித்தால் எதையும் அழிக்க வேண்டியதில்லை, யாரும் குற்றவாளியும் இல்லை. அந்தம்மா சம்மதம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊர் தப்பித்தது.

சம்மதம் கேட்க எப்படிப் போவது என்று தொட்டிப்பாளையத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெண் கேட்கவும், பகை தீர்க்கவும், பங்காளியைக் கோவிலுக்கு அழைக்கவும் எப்படிப் போவார்களோ அப்படித்தான். தட்டோடு போவார்கள். எதிரில் இருப்பவர் தட்டை வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது, அதற்கு மேல் வாயால் சொல்ல ஒன்றும் இல்லை.

போகியன்று காலையில் தட்டுகள் வந்தன. வெற்றிலை பாக்குத் தட்டு, தேங்காய்ப் பழத் தட்டு, மல்லிகைப் பூத் தட்டு, புதுச்சேலை வைத்த தட்டு, அச்சுவெல்லத் தட்டு, எங்கிருந்தோ பழைய கையிருப்பில் எடுத்த ஜவ்வரிசியைக் கோபுரமாகக் குவித்த தட்டு. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக் கதவைத் திறந்து, பீரோவுக்கும் சாமி படத்துக்கும் நடுவிலிருந்து, விசேஷத்துக்கு உடுத்திய துணியோடு ஒவ்வொருவராக இறங்கினார்கள். கூடம் நிறைந்தது. மாதேஸ்வரன் போனை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்தான். அர்த்தநாரி நாற்காலி போதாமல் பாயை விரித்தார்.

குழந்தைவேல்தான் பேசினார். நல்லவிதமாகத்தான் பேசினார். "தங்கச்சி, நடந்தது நடந்துபோச்சு. தண்ணி கெட்டதும் நெசம், நீ எழுதுனதும் நெசம், நாங்க வாய் தவறுனதும் நெசம். தண்ணி சுத்தம் பண்ற மெசினு வெச்சுட்டாங்க, ஆலைய மறுபடி திறக்கப் போறாங்க. இனி உம்மேல யாருக்கும் கோவமில்ல. பாதி ஊரை ஜெயிலுக்கு அனுப்பிட்டு நீ மட்டும் இங்க யாரோட வாழப் போற? சரின்னு ஒரு வார்த்தை சொல்லு."

"முடியாதுங்க."

"யோசிச்சுச் சொல்லும்மா."

"யோசிச்சாச்சு. பேரு என்னுது, புள்ள என்னுது. நான் யாரையும் ஜெயிலுக்கு அனுப்பல. அதை அழிச்சிருங்க, அது போதும்."

"அழிச்சா, தப்புன்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமில்ல?" என்றார் வக்கீல்.

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். யார் தட்டை நீட்டினாலும் தற்செயலாகக்கூடக் கை படக் கூடாது என்று முந்தின நாளே முடிவு செய்திருந்தாள். குழந்தைவேலின் மனைவி குங்குமச் சிமிழை நீட்டியபோது, வாழ்நாளில் முதல் முறையாக அதையும் மறுத்தாள். கூட்டம் முணுமுணுத்தது. "என்ன நெஞ்சழுத்தம் பாரு" என்று யாரோ சொன்னார்கள். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான், போகப் போகிறார்கள் என்று இந்திராணி நினைத்தாள்.

அப்போது சுவரிலிருந்து மாரப்பன் வந்தான்.

அவன் அந்த வழியாக வருவது அதுதான் முதல் தடவை. சவரம் செய்து, நெற்றியில் திருநீறு பூசி, கையில் ஒரு பித்தளைத் தட்டோடு வந்தான். தட்டில் தேங்காயும் மஞ்சளும் ஒரு ஜதை கண்ணாடி வளையலும் இருந்தன. அக்காவின் பக்கம் அவன் திரும்பவே இல்லை. கூட்டம் விலகி வழிவிட்டது. சமையல் அறை வாசலில், கையில் ஒரு நாற்காலியைப் பிடித்தபடி நின்ற அர்த்தநாரியின் எதிரில் போய் நின்றான்.

"மாமா" என்றான். தட்டை நீட்டினான்.

அர்த்தநாரியின் கைகள் நாற்காலியை விட்டன. கல்யாணத்தன்று இந்தக் கையிலிருந்து தட்டு வாங்கிய கைகள், தலைதீபாவளிக்கு வாங்கிய கைகள், தொட்டிலுக்கும் காதுகுத்துக்கும் சடங்குக்கும் வாங்கிய கைகள், மச்சினன் நீட்டிய தட்டை ஒரு தரமும் காத்திருக்க வைக்காத கைகள். ஆலை திறந்ததும் பாய்லருக்கு முதல் ஆள் நீங்கதான் என்று குழந்தைவேல் போன வாரம் காதோடு சொல்லியிருந்ததும் அந்தக் கைகளில் கொஞ்சம் இருந்திருக்கலாம். அவை தாமாக எழுந்தன, தட்டை வாங்கின, கண்ணில் ஒற்றிக்கொண்டன.

"வாங்கிட்டாரு" என்றான் மாதேஸ்வரன். யாரோ கை தட்டினார்கள். கொண்டுவந்த தட்டுகளையெல்லாம் எல்லோரும் தரையில் வைத்தார்கள், கால் வைக்க இடமில்லாமல் கூடம் முழுக்கத் தட்டாகியது.

"அது என் சம்மதமில்ல" என்றாள் இந்திராணி. இரண்டாவது முறை உரக்கச் சொன்னாள். மூன்றாவது முறை சொன்னபோது பாதிப் பேர் தெருவில் இறங்கிப் போயிருந்தார்கள்.

வக்கீல் திருஞானம் செருப்பை மாட்டிக்கொண்டே அன்பாகச் சொன்னார். "ஊட்டுக்காரர் வாங்குனா ஊடே வாங்குன மாதிரிதாம்மா. இதுக்குப் போய்க் கோர்ட்டு, கேஸுன்னு அலைவியா?"

எல்லோரும் போன பிறகு அர்த்தநாரி தட்டோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் வாங்குனீங்க?"

"மாப்ள நீட்டுனான்."

"அவன் என்ன எழுதியிருக்கான்னு தெரியுமா உங்களுக்கு?"

அவர் தட்டில் இருந்த வளையலைப் பார்த்தார். "தெரியும்" என்றார்.

தை பிறந்தது. நாடு முழுக்க எத்தனையோ பக்கங்கள் அழிந்ததாகச் செய்தியில் சொன்னார்கள். தொட்டிப்பாளையம் குரல் மட்டும் அப்படியே இருந்தது. கூடுதலாக, சம்மதம் கிடைத்தது என்ற தலைப்போடு தட்டு வாங்கும் வீடியோ அதன் உச்சியில் ஏறியிருந்தது. அர்த்தநாரி தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் இடத்தில் நாதஸ்வரம் சேர்த்திருந்தார்கள். இந்திராணி மறுபடி காவல் நிலையத்துக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் மறுபடி எழுந்து நின்றார். "வீடியோவே இருக்குதேம்மா" என்றார். வீடியோவில் அவள் முடியாது என்று சொன்ன இடம் இல்லை, அவ்வளவு நீளத்துக்கு யார் பார்ப்பார்கள் என்று வெட்டிவிட்டிருந்தார்கள்.

ஆலைச் சங்கு மறுபடி ஊத ஆரம்பித்தது. காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் சாப்பாட்டுத் தூக்கோடு கூடத்தைக் கடந்தார்கள், இப்போது சிரித்துப் பேசிக்கொண்டே கடந்தார்கள், வரட்டுமா அக்கா என்று சொல்லிக்கொண்டே கடந்தார்கள். மாரப்பனும் அவர்களில் ஒருவனாகக் கடந்தான். அக்காவைப் பார்க்கவில்லை, ஆனால் பீரோ அருகே வரும்போது மட்டும் நடையைக் கூட்டினான். ஆலை நடக்க ஆரம்பித்து ஒரு வாரத்துக்குப் பின், பள்ளிக்கூடத்துத் தண்ணீரை இந்திராணி கையில் ஏந்தி முகர்ந்து பார்த்தாள். பழைய வாடை லேசாக இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

தட்டு வாங்கும் வீடியோவை வெளியூர்க்காரர்களும் பார்த்தார்கள். வேடிக்கையாக இருந்ததால், பக்கத்தைப் படிக்காமல் அதை மட்டும் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். அது சேலம் போனது, ஈரோடு போனது, அங்கிருந்து எங்கெங்கோ போனது. கோயம்புத்தூரில் நர்சிங் விடுதி ஒன்றின் மூன்றாவது மாடியில், கடைசிப் பரீட்சைக்கு முந்தின நாள் காலையில், ஆத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி தன் போனைப் பக்கத்துக் கட்டிலுக்கு நீட்டி, "ஏய், இது உங்கப்பாதானே?" என்று கேட்டாள். வீடியோவின் மூலையில் தொட்டிப்பாளையம் குரல் என்று பக்கத்தின் பெயர் இருந்தது.

அன்று காலை, சங்கு ஊதி ஓய்ந்திருந்த நேரம். கூடத்தில் கூட்டமாகத்தான் இருந்தது. பாவாயி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள், சின்ராசு நாற்காலியில் உட்கார்ந்து கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தான், இந்திராணி சத்துணவுக்கு முட்டைகளை எண்ணி அட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சுவரிலிருந்து சத்தம் கேட்டது. பழக்கத்தில் நிமிர்ந்தாள்.

பீரோவுக்கும் சாமி படத்துக்கும் நடுவே கீர்த்திகா நின்றுகொண்டிருந்தாள். தலையில் ஈரத்துண்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி, வாளியில் காயப்போடக் கொண்டுபோன துணி. மொட்டை மாடிக்குப் போக அறைக் கதவைத் திறந்திருக்கிறாள்.

"அட, பாப்பா வந்துட்டாளா" என்று சந்தோஷமாகச் சொன்னான் சின்ராசு. பாவாயி சொம்பைக் கவிழ்த்து வைக்க மறந்து அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

கீர்த்திகா எல்லோரையும் பார்த்தாள். தன் வீட்டுக் கூடத்தில் செருப்புக் காலோடு நிற்கும் ஊரைப் பார்த்தாள். கடைசியில் அம்மாவைப் பார்த்தாள்.

இந்திராணி கையிலிருந்த முட்டையை அட்டையில் வைத்தாள். உடையாமல்தான் வைத்தாள்.

"எது வரைக்கும் படிச்ச?" என்று கேட்டாள்.

"மாமா எழுதினது வரைக்கும்."

வாளியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஆள் வந்த சத்தம் கேட்டுச் சமையல் அறையிலிருந்து அர்த்தநாரி வந்தார், பாய்லர் வேலைக்குக் கொடுத்த புதுக் காக்கிச் சட்டையின் பித்தானைப் போட்டபடி, வந்தது யாரென்று நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்பே, சுவரோரம் கிடந்த நாற்காலி ஒன்றை இழுத்து வந்தவள் எதிரில் போட்டார்.

"உக்காருங்க" என்றார்.